கயிற்றில் இறங்கிய செல்வம்

கம்பம் பள்ளத்தாக்கின் வாணிபச் சரித்திரம் – அத்தியாயம் 9

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சென்று, குரங்கணியை அடைந்து, அங்கிருந்து கால்நடையாக மலையேறத் தொடங்கும் பிரயாணி, பாதி வழியில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்றொரு சிற்றூரையும், ஐயாயிரத்து ஐந்நூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ‘டாப் ஸ்டேஷன்’ என்று பெயர் பூண்ட மற்றோர் ஊரையும் காண்பான். தண்டவாளம் ஒன்றும் கண்ணில் படாத இந்தச் சரிவிலே, மேகம் வந்து தங்கிப் போவதைத் தவிர வேறெந்த வண்டியும் வந்து நிற்காத இந்த இடங்களுக்கு, ஸ்டேஷன் என்னும் பெயர் எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டது என்று அவன் வியப்படைந்தால், அந்த வியப்புக்குரிய விடையிலேதான் இந்த அத்தியாயத்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊர்களின் பெயர்கள் சில சமயங்களில் கல்வெட்டுகளைக் காட்டிலும் உறுதியாகச் சரித்திரத்தைக் காத்து வைத்திருக்கின்றன.

சென்ற அத்தியாயத்தில், மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை, பென்னிகுவிக் என்னும் பொறியாளர் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வரலாற்றைப் பார்த்தோம். 1895ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அந்த நீர் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதே 1895ஆம் வருஷத்தில், அதே மலைத்தொடரின் வடபாகத்தில், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஒரு வியாபார ஸ்தாபனம் வந்து காலூன்றியது. நீரைக் கிழக்கே திருப்பியது அரசாங்கம். தேயிலையைக் கிழக்கே திருப்பியது அந்த ஸ்தாபனம். முன்னது நமக்கு நெல்லைத் தந்தது. பின்னது போடிநாயக்கனூரை முப்பது வருஷ காலம் உலகச் சந்தையின் வாசற்படியாக ஆக்கிவைத்தது.

ஒரே விதமான சரக்கை விளைவித்து, ஒரே சந்தையில் விற்கிற பலருள், ஒருவர் மட்டும் மேலோங்கி நிற்பதும் மற்றவர் நலிந்து போவதும் எதனால் என்ற கேள்வி, வியாபாரம் தோன்றிய நாளிலிருந்து இருந்து வருகிறது. சரக்கின் தரம் என்பார் சிலர். விலையின் நயம் என்பார் சிலர். மூலதனத்தின் பெருக்கம் என்பார் வேறு சிலர். இவை யாவும் உண்மையே. ஆனால் மலைநாட்டு வியாபாரத்தைப் பொறுத்த வரையில், இவை எல்லாவற்றுக்கும் முற்பட்ட வேறொன்று இருக்கிறது. மேலே விளைவது எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும், அது கீழே இறங்கினாலன்றிக் காசாவதில்லை. ஆகவே, இறங்கும் வழி எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில்தான் மலையின் செல்வமும் இருக்கும்.

பூஞ்சாற்று ராஜாவின் சாசனம்

மூணாறு என்று இன்று உலகமெல்லாம் பிரயாணிகள் அறிந்திருக்கும் அந்த உயர்ந்த மலைப் பிரதேசம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் முதுவர் என்னும் மலைவாசிகளும் யானைகளும் மட்டுமே வழியறிந்த காடாக இருந்தது. 1862ஆம் வருஷத்தில் கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் என்பவர் சென்னை அரசாங்கத்தாரின் பொருட்டு அதைச் சுற்றிப் பார்த்தார். அதற்குப் பின், திருவிதாங்கூர் அரசாங்கத்தில் ஏலமலைகளின் மேற்பார்வை அதிகாரியாக இருந்த ஜான் டேனியல் மன்றோ என்பவர், 1877ஆம் வருஷம் ஜூலை மாதம் 11ஆம் தேதியன்று, பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். ஏறத்தாழ 227 சதுர மைல் விஸ்தீரணமுள்ள அந்தப் பூமிக்கு வருஷக் குத்தகை 3,000 ரூபாய். இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 1886ஆம் வருஷத்தில் பெரியாற்றுத் திட்டத்துக்காக ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு வருஷம் 40,000 ரூபாய் என்று உடன்படிக்கை ஏற்பட்டதை நினைவு கூரலாம். கண்ணன் தேவன் நிலம் அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அங்கே போவதற்கும் வருவதற்கும் வழி இல்லாமையே.

மன்றோவும் அவருடன் சேர்ந்த டர்னர் சகோதரர்களும் 1879ஆம் வருஷத்தில் ‘வட திருவிதாங்கூர் நிலத் தோட்ட விவசாயச் சங்கம்’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். சங்கத்தின் அங்கத்தினர்கள் காட்டைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டு, தத்தம் மனம்போனபடி பயிரிடலானார்கள். ஒருவர் காப்பி வைத்தார். ஒருவர் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வைத்தார். ஒருவர் ஏலம் வைத்தார். ஒருவர் கற்றாழை நாரை நம்பினார். ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை நட்டார். அந்தப் பார்வதி இன்று செவன்மலைத் தோட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் உழைப்பிலோ துணிச்சலிலோ குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் காப்பிச் செடியின் இலைகளில் துருவைப்போலப் படர்கிற நோய், இலங்கையில் 1869 முதல் தோட்டம் தோட்டமாக அழித்துவிட்டு, இங்கும் தலைகாட்டியது. சிங்கோனாவுக்கோ ஜாவாத் தீவிலிருந்து உலகச் சந்தையில் வந்து குவிந்த பட்டையினால் விலை சரிந்தது. பயிர்களுள் நம்பத்தக்கது தேயிலை ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஆனால் தேயிலையோ தனி மனிதனுடைய பயிர் அன்று.

அதன் காரணத்தைச் சற்று விளக்குவது அவசியம். ஏலக்காய் எடையில் குறைந்தது, விலையில் உயர்ந்தது. ஒருவன் தலைச்சுமையாகக் கொண்டு இறங்கினாலும் அவனுடைய கூலியைச் சரக்கின் விலை தாங்கிக்கொள்ளும். தேயிலையின் தன்மை வேறு. பறித்த கொழுந்து வாடி, உருட்டப்பட்டு, புளித்து, உலர்ந்து முடிவதெல்லாம் ஒன்றிரண்டு நாள்களுக்குள், தோட்டத்தின் பக்கத்திலேயே நடந்தாக வேண்டும். அதற்கு யந்திர சாலை வேண்டும், இரும்பு உருளைகள் மலையேற வேண்டும், விறகு வேண்டும், பெட்டிகளுக்குப் பலகை வேண்டும், நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும், அந்தக் கைகளுக்கு உரியவர்கள் உண்ணும் அரிசியும் கீழேயிருந்து மேலே வர வேண்டும். முடிவில், ஆயிரக்கணக்கான பெட்டிகள் உடையாமலும் நனையாமலும் கீழே இறங்க வேண்டும். ஈரம் பட்ட தேயிலை லண்டனில் தேயிலையாக மதிக்கப்படுவதில்லை. ஆகவே, சிறு தோட்டக்காரன் ஒவ்வொருவனும் நல்ல கொழுந்து விளைவித்தும், அதை இறக்கும் செலவிலேயே ஆதாயத்தை இழந்து கொண்டிருந்தான்.

முப்பத்து மூன்றும் ஒன்றான விதம்

1895இல் வந்த ஸ்தாபனம், பின்லே மூர் கம்பெனி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கிளாஸ்கோவில் தோன்றி, பருத்தி நூல், துணி வியாபாரத்தில் வளர்ந்து, பின்னர்க் கல்கத்தாவில் கிளை திறந்து, வடகிழக்கிந்தியாவின் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற ஸ்தாபனம் அது. அதன் தலைவர் சர் ஜான் மூர், கிளாஸ்கோ நகரின் தலைமைப் பதவியை வகித்தவர். கண்ணன் தேவன் மலைகளில் தனித்தனியே நடந்துவந்த 33 தோட்டங்களில் இந்தக் கம்பெனி உரிமை பெற்றது. 1897ஆம் வருஷத்தில் அவற்றை நிர்வகிப்பதற்கென்று ‘கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி’ தோன்றியது.

பல தோட்டங்களை ஒருவர் வாங்குவதில் என்ன யுக்தி இருக்கிறது, பணமுள்ளவன் எவனும் செய்யக்கூடியதுதானே என்று தோன்றலாம். வாங்குவது பணத்தின் காரியம். வாங்கியதை இணைப்பது புத்தியின் காரியம். 33 தோட்டங்களும் தனித்தனியே இருந்த காலத்தில் எந்த ஒரு தோட்டமும் ஒரு பாதையை வெட்டும் செலவைத் தாங்கியிருக்க முடியாது. வெட்டினாலும் அதில் ஏற்றி அனுப்பும் அளவுக்குச் சரக்கு அதனிடம் இருந்திராது. ஒன்றாக இணைந்தபோதோ, ஒரே பாதை, ஒரே பட்டறை, லண்டனில் சரக்கை விற்றுக் கொடுக்க ஒரே முகவர் என்று ஏற்பட்டு, ஒவ்வொரு ராத்தல் தேயிலையின் தலையிலும் விழும் செலவு குறைந்தது. இலையில் இல்லாத மேன்மையை, இலையைக் கையாளும் முறையில் அந்தக் கம்பெனி சம்பாதித்துக்கொண்டது.

கிழக்கு நோக்கிய வழி

வரைபடத்தை எடுத்துப் பார்ப்பவனுக்கு மூணாற்றிலிருந்து அரபிக்கடல் அருகில் இருப்பதாகவும், தூத்துக்குடி வெகுதூரத்தில் இருப்பதாகவும் தோன்றும். அப்படியிருக்க, கம்பெனி ஏன் அருகிலிருந்த மேற்குக் கடலை விட்டுத் தூரத்துக் கிழக்குக் கடலை நாடியது?

மேற்கே இறங்குகிற சரிவு நீண்டது. அடர்ந்த காடும், பாலமில்லாத ஆறுகளும், யானைக் கூட்டங்களும் நிறைந்தது. ஆடி மாதத்து மழையில் அந்த வழி சேறும் வெள்ளமுமாகிவிடும். அதைக் கடந்து கொச்சியை அடைந்தாலும், துறைமுகத்தின் வாயிலில் மணல்மேடு குறுக்கிட்டதால் பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் கடலிலேயே நிற்க வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அங்கே நின்று சரக்கேற்றுவது அபாயமாக இருந்தது. கிழக்கிலோ மலை சுவரைப்போல நெட்டாக இறங்கி, சில மைல் தூரத்துக்குள்ளேயே போடிநாயக்கனூர்ச் சமவெளியில் வந்து முடிகிறது. அங்கிருந்து தேனி, பெரியகுளம், வத்தலகுண்டு வழியாக மாட்டு வண்டி செல்லும் பாதை இருந்தது. அந்தப் பாதையின் முடிவில், இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் அழைக்கும் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம் இருந்தது. 1876ஆம் வருஷத்திலேயே தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடி வரை சென்றுவிட்டது. தூத்துக்குடியிலும் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகளில் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஆயினும் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தக் கிழக்குக் கடல் அடங்கியிருந்தது.

தூரம் வேறு, நேரம் வேறு என்பதைக் கம்பெனியார் அறிந்திருந்தார்கள். அருகிலிருந்தும் அடைய முடியாத கடலை விட, தூரத்திலிருந்தும் தவறாமல் அடையக்கூடிய கடலே வியாபாரிக்கு அணித்தானது. எஞ்சியிருந்த தடை ஒன்றே: அந்த மலைச்சுவர்.

அதை அவர்கள் மூன்று கட்டங்களாக வென்றார்கள். முதலாவது, மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையின் கிழக்கு விளிம்பு வரை சரக்கைக் கொண்டுசெல்லும் வழி. 1902ஆம் வருஷத்தில் அங்கே ஓர் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. சிறிய சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின்மேல் உருள, பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று சாலைத் தரையில் ஊன்றி உருண்டு வண்டி சாயாதபடி தாங்கிக்கொள்ள, காளை மாடுகள் அதை இழுத்துச் சென்றன. ரயிலும் மாட்டு வண்டியும் கலந்த அந்த விநோதமான அமைப்பு, அன்றைய தேவைக்குப் போதுமானதாயிருந்தது. சரக்குப் பெருகியதும், 1908ஆம் வருஷத்தில், இரண்டடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டு, சிறிய நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. குண்டளை ரயில் என்பது அதுதான். அந்த ரயில் முடிவுற்ற உச்சியே டாப் ஸ்டேஷன்.

இரண்டாவது கட்டந்தான் இந்தக் கதையின் சிகரம். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரையில், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆகாய மார்க்கமாக ஒரு கம்பிக் கயிற்றுப் பாதை அமைக்கப்பட்டது. கீழே அது வந்து முடிந்த இடத்துக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர் வழங்கியது. முன்பெல்லாம் ஒரு பகல் முழுவதும் கூலியாட்களும் பொதி சுமக்கும் மிருகங்களும் காலூன்ற இடமின்றித் தடுமாறி இறங்கிய சரிவின் மேலே, தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் ஊர்ந்து இறங்கின. பெட்டி உடைவதில்லை, பாறையில் மோதுவதில்லை, வழியில் இரவு தங்கிப் பனியில் நனைவதில்லை. கயிற்றுப் பாதைக்குப் பொதுவாகவே உரிய மற்றொரு குணமும் உண்டு: இறங்குகிற பாரத்தின் கனம், ஏறுகிற பாரத்தை இழுப்பதற்குத் துணை செய்யும். ஆகவே கீழே தேயிலை வர, மேலே அரிசியும் தளவாடங்களும் போயின. வெறுங்கையோடு திரும்பும் வண்டியின் கூலி, சரக்கோடு போன வண்டியின் ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பது எந்த மாட்டு வண்டிக்காரனும் அறிந்த நியாயம். அந்த எளிய நியாயத்தை ஒரு மலை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியதே கம்பெனியின் சாமர்த்தியம்.

மூன்றாவது கட்டம், கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வண்டிப் பாதை, அங்கிருந்து அம்மையநாயக்கனூர், அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து தோணி, கப்பல், லண்டன். இவ்வாறு காளை, தண்டவாளம், கயிறு, மறுபடி காளை, மறுபடி தண்டவாளம், தோணி, கப்பல் என்று ஏழு கை மாறிச் சென்றது அந்தக் கொழுந்து. கை மாறும் இடந்தோறும் எண்ணுவதற்கும், ஏற்றுவதற்கும், காத்து வைப்பதற்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அதே காலத்தில், அதே தூத்துக்குடியில், வேறொரு விதமான போட்டியும் நடந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1906ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தார்கள். தன் நஷ்டத்தைத் தாங்கும் வல்லமையை ஆயுதமாகக் கொண்டு எதிரியை வீழ்த்துவது ஒரு யுக்தி. கண்ணன் தேவன் கம்பெனியின் யுக்தியோ வேறு வகை. எதிரியைத் தொடாமல், அவனால் எளிதில் அமைக்க முடியாத ஒன்றை அமைத்துக்கொள்வது. முன்னது போட்டியாளனை அழிக்கிறது; அழித்த பின்பு உலகத்துக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. பின்னது பாதை என்ற ஒன்றையேனும் விட்டுச் செல்கிறது.

கயிற்றுக்கும் அடியில் இருந்தவர்கள்

இவ்வளவையும் புகழ்ந்து எழுதிவிட்டு, அந்தப் பாதை எவர் தோளின்மேல் நின்றது என்பதைச் சொல்லாமல் விட்டால், இந்தச் சரித்திரம் பாதிச் சரித்திரமாகவே நின்றுவிடும். காட்டை வெட்டியவர்களும், கொழுந்து பறித்தவர்களும் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி மலையேறிய தமிழ் ஜனங்கள். கூலியாட்களைத் திரட்டும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணம் கூலியில் கழியும். கழிந்து தீருவதற்குள் அடுத்த தேவை வந்துவிடும். அட்டையும், குளிரும், மலைக் காய்ச்சலும் அவர்களை வாட்டின. லயம் என்று சொல்லப்பட்ட வரிசை வீடுகளின் ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. கம்பெனி அடைந்த மேன்மையின் கணக்கில், பாதையால் மிச்சமானது எவ்வளவு, கூலியைக் குறைவாக வைத்ததால் மிச்சமானது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற கடமை, வியாபாரத்தைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவனுக்கும் உண்டு. புத்தியினால் வந்த லாபத்தை நாம் போற்றலாம். பிறருடைய வேறு வழியின்மையினால் வந்த லாபத்தையும் அதனோடு சேர்த்துப் போற்றுவது தர்மமாகாது.

தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்

1924ஆம் வருஷம் ஜூலை மாதம் மலைமேல் பெய்யத் தொடங்கிய மழை, வாரக்கணக்கில் விடவில்லை. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாள தேசத்தார் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றே சொல்கிறார்கள். மலைச் சரிவுகள் பெயர்ந்து விழுந்து ஆறுகளை அடைத்தன; அடைபட்ட நீர் உடைத்துக்கொண்டு மூணாற்றின்மேல் பாய்ந்தது. பாலங்களும் கட்டிடங்களும் போயின. குண்டளை ரயிலின் தண்டவாளங்கள் முறுக்கிய கம்பிகளாகக் கிடந்தன. அந்த ரயில் மறுபடி போடப்படவில்லை.

அக்காலத்தில் மேற்கே மற்றொரு பெருங்காரியம் நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், கொச்சித் துறைமுகத்தின் வாயிலை அடைத்துக்கொண்டிருந்த மணல்மேட்டை வெட்டி, வாரியெடுத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உண்டாக்கிக்கொண்டிருந்தார். 1928ஆம் வருஷம் மே மாதம், கடற்கப்பல் ஒன்று முதன்முறையாக உள் துறைமுகத்தில் நுழைந்தது. பின்னர் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய மலைச்சாலை அமைந்தது. 1935ஆம் வருஷத்தில் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே பாலமும் எழுந்தது. கிழக்கை அணித்தாக்கி மேற்கைத் தூரமாக்கி வைத்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தேயிலை சிறிது சிறிதாக மேற்கே இறங்கலாயிற்று.

சரித்திரத்தில் சில வருஷங்கள் மனத்தை உருக்குகின்றன. கொச்சித் துறைமுகம் கப்பலுக்குத் திறந்த அதே 1928ஆம் வருஷத்தில்தான், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்து சேர்ந்தது. முப்பது வருஷமாக வண்டிமாடுகளின் கழுத்து நுகத்தால் தேய்ந்த அந்தப் பாதைக்கு, இரும்புப் பாதை வந்து சேர்ந்த சமயத்தில், அது சுமக்க வேண்டியிருந்த தேயிலை வேறு திசையில் முகம் திருப்பிக்கொண்டிருந்தது.

இதற்காகக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமன்று. நிலைமை மாறியபோது தன் பழைய வழியின்மேல் பாசம் வைத்து நஷ்டமடையாமல் புதிய வழியைத் தழுவிக்கொள்வதும், முதலில் அந்த வழியை அமைத்த அதே அறிவின் மறுபக்கமே. ஆனால் இங்கே ஒரு பேதம் உண்டு. அதை எடுத்துக்காட்டுவதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுத முற்பட்டேன். கம்பெனி தன் வழியை மாற்றிக்கொள்ளலாம். ஊர் மாற்றிக்கொள்ள முடியாது. கொட்டகுடி மேற்கே நகர முடியாது. போடியின் வண்டிப்பேட்டையைப் பெயர்த்தெடுத்து ஆலுவாயில் வைக்க முடியாது. பிறர் வகுத்த வழியில் நிற்பதால் மட்டும் ஓர் ஊருக்கு வருகிற மேன்மை, அந்தப் பிறர் வழிமாறும் நாளோடு முடிந்துவிடும்.

போடி நிலைத்த விதம்

ஆயினும் போடிநாயக்கனூர் அழியவில்லை. காரணம், தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த ஊரார் கற்று வைத்திருந்த வேறொரு வித்தை. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து மலையேறிப் போய் ஏலம் பயிரிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். திருவிதாங்கூர் சர்க்கார் ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, ஆலப்புழைத் துறைமுகத்தில் விற்று வந்த காலம் ஒன்று இருந்தது; தரமான பச்சை ஏலக்காய்க்கு ‘ஆலப்புழைப் பச்சை’ என்னும் பெயர் வியாபாரத்தில் இன்றும் வழங்குவது அந்தக் காலத்தின் அடையாளம். பெயர் ஆலப்புழையினுடையது, காயை அறிந்த கண்ணோ போடியினுடையது.

ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அந்த ஒரு கிலோவுக்குள்ளேயே ஏழு மில்லிமீட்டர் பருமனுள்ளதும், ஆறு உள்ளதும், ஐந்து உள்ளதும், பச்சை மாறாததும், வெளுத்ததும், வாய் பிளந்ததும் கலந்து கிடக்கும். அதைச் சல்லடையில் சலித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கையால் பொறுக்கி, பருமனும் நிறமும் ஒத்ததாகப் பிரித்து வைத்தால், கலப்பாக இருந்தபோது இல்லாத விலை அதற்கு உண்டாகிறது. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதைக் கொண்டு உள்ளே விதை முதிர்ந்திருக்கிறதா என்று கணக்கிடுவதும், காயைப் பிளந்து விதையின் கருமையையும் பிசுபிசுப்பையும் பார்த்த மாத்திரத்தில் மதிப்புச் சொல்வதும், ஒரே நாளில் எவரும் விலைக்கு வாங்கக்கூடிய யந்திரங்கள் அல்ல. தண்டவாளத்தை வெள்ளம் கொண்டுபோகலாம். கண்ணிலும் விரலிலும் குடிகொண்ட தேர்ச்சியை எந்த வெள்ளமும் கொண்டுபோவதில்லை. போடிக்கு வந்த ரயில், தேயிலைக்காகக் காத்திராமல் ஏலக்காயை ஏற்றிக்கொண்டு சென்றது.

கம்பெனியின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964இல் டாட்டா நிறுவனம் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்தது. 1983இல் டாட்டா டீ என்னும் பெயர் ஏற்பட்டது. 2005ஆம் வருஷத்தில், தோட்டங்களின் நிர்வாகம் புதிய கண்ணன் தேவன் கம்பெனிக்கு மாறியபோது, அதன் பங்குகளில் பெரும்பகுதி தோட்டத்தில் உழைப்பவர்களின் கைக்கே வந்தது. முன்பணத்துக்குத் தலையை அடகு வைத்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மலையின் கம்பெனியில் பங்குதாரர்கள் ஆனார்கள். அவர்களுடைய குறைகள் யாவும் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் 1877ஆம் வருஷத்துச் சாசனத்தை எழுதியவர்கள் கனவிலும் கண்டிராத மாறுதல் அது.

போடியின் ரயில் பாதையும் தன் பங்குக்கு உறங்கி விழித்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் வருஷத்து முடிவில் நின்றுபோன ரயில், 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் திரும்பி வந்தது. அந்த ரயிலில் வந்து இறங்கி, மேற்கே நிமிர்ந்து பார்ப்பவனுக்கு மலை தெரியும், கயிறு தெரியாது. உச்சியில் அதன் நிலையம் இருந்த இடத்தில் இடிபாடுகள் மட்டுமே நிற்கின்றன. ஆனால் அதே ஊரின் தெருக்களில் நடந்தால், திறந்த கதவுகளின் வழியே ஏலக்காயின் மணம் இன்றும் வந்து வழிமறிக்கும்.

அந்த மணத்துக்கும் ஒரு பெரும் சோதனை வந்தது. 1914ஆம் வருஷத்தை ஒட்டி, கடல் கடந்த குவாத்தமாலா என்னும் மத்திய அமெரிக்க நாட்டில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் நட்ட ஏலச்செடி, எழுபது வருஷங்களுக்குள் பெருகி வளர்ந்து, அரபு நாடுகளின் சந்தையில் நம் சரக்கை எதிர்த்து நின்றது. கண்ணின் தேர்ச்சியை மட்டும் நம்பியிருந்த போடி வியாபாரிகள் அந்தப் போட்டியை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)